காரியரில் கட்டிய பேபி சீட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாகத் திருவனந்தபுரம் ஏர்போர்ட் ஓட்டம்தான் எனக்குச் சோறு போடுகிறது. உங்கள் நாளிதழைக் காலையில் ஸ்டாண்டில் நாலு பேர் பங்கு போட்டுப் படிப்போம். நடுப்பக்கம் எனக்கு, விளையாட்டுப் பக்கம் பையன்களுக்கு. ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீளம் என்று பட்டால் வெட்டிக்கொள்ளுங்கள். காரில் பிள்ளையை உட்கார வைத்துக் கட்டும் பேபி சீட்டுக்குப் பெல்ட் போடும் விதத்தைச் சொல்லியிருக்கும் இடத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

போன மாதம் ஒரு நாள், விடியற்காலை மூன்றரை மணி. துபாய் விமானத்தில் வந்த ஒரு குடும்பம், கருங்கல் பக்கம் போக வேண்டும். கணவன், மனைவி, ஏழு மாதக் கைக்குழந்தை, கூட்டிப்போக வந்த தாத்தா, பாட்டி. பெட்டிகள் டிக்கியில் அடங்கவில்லை. மிச்சத்தை மேலே காரியரில் ஏற்றினோம். அதில் ஒன்று பிளாஸ்டிக் தாள் சுற்றிய பேபி சீட். நல்ல சீட், விலை கூடியது. அந்தத் தம்பி நைலான் கயிறு போட்டுக் குறுக்கும் நெடுக்குமாக நாலு சுற்றுச் சுற்றி, முடிச்சை இழுத்துப் பார்த்து, "அண்ணே, ஆடாதுல்லா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆடாது என்றேன். கீழே இறங்கிப் பார்த்தால் அவர் மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

"தம்பி, அங்க இந்தச் சீட்டு இல்லாம பிள்ளையக் கார்ல ஏத்துவியளா?" என்று கேட்டேன்.

"ஐயோ, 400 திர்ஹாம் ஃபைன் அண்ணே. லைசென்ஸ்ல நாலு பிளாக் பாயின்ட் வேற."

"இங்க?"

சிரித்தார். "இது நம்ம ஊருல்லா."

நம்ம ஊருதான். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் உள்ள ரோட்டை உங்கள் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கினால் ஓடையில் இறங்க வேண்டும், ஒதுங்காவிட்டால் கண்ணாடி போகும். மழை பெய்து நாலு நாளானால் குழிக்கு நடுவே ரோட்டைத் தேட வேண்டும். அந்த ஊர் ஆறு வழிச் சாலையில் பிள்ளைக்குச் சீட்டு வேண்டுமாம், இந்த ரோட்டில் மடி போதுமாம்.

கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். பாட்டிக்குக் கோபம். "பச்சப் பிள்ளையக் கெட்டிப் போட்டா கொண்டு போவிய? எம் மடியில இருக்கியத விடவா?" என்றார். சீட்டை இறக்கி நடு வரிசையில் வைத்தோம். அப்போதுதான் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று நினைக்க வைத்த சங்கதி தெரிந்தது. ஏழு மாதமாகத் தினமும் அந்தச் சீட்டைப் பயன்படுத்திய தம்பிக்கு அதைக் கட்டத் தெரியவில்லை. பிள்ளை முன்னால் பார்க்கிற மாதிரி வைத்தார். பெல்ட்டைச் சீட்டின் முதுகுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி மாட்டினார். பிள்ளையின் தோள் மேல் வரும் சீட்டின் பட்டைக்கும் பிள்ளைக்கும் நடுவே என் கை முழுசாக நுழைந்தது. "அங்கயும் இப்படித்தான் போடுவியளா?" என்றேன். இப்படித்தான் என்றார். அபராதம் அவரைச் சீட்டு வாங்க வைத்தது, தினமும் அதில் பிள்ளையை உட்கார வைத்தது. எப்படிக் கட்டுவது என்று மட்டும் யாரும் காட்டித் தரவில்லை.

எனக்கு மட்டும் பிறக்கும்போதே தெரியுமா என்ன. 2009 மாசி மாதம், மண்டைக்காடு கொடைக்குப் போய்விட்டு என் சொந்த வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. முன் சீட்டில் அம்மா மடியில் நின்றுகொண்டு வந்தான், ஆமாம், நின்றுகொண்டு. திங்கள்சந்தை தாண்டினதும் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன். முப்பது வேகம்கூட இருக்காது. ஆடு தப்பியது, வண்டியில் ஒரு கீறல் இல்லை. பிள்ளையின் புருவம் டாஷ்போர்டில் போய் அடித்து ஐந்து தையல். பல வருடம் அந்த ஆட்டையும் அதை அவிழ்த்துவிட்டவனையும் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பையன் மீசை வைத்து காலேஜ் போகிறான். இடது புருவத்தில் முடி முளைக்காத கோடு ஒன்று இருக்கிறது. வண்டி ஓட்டப் பழகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ரோட்டைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் காட்டித் தந்தது குலசேகரம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, இங்கிலாந்தில் நர்ஸ். நம் மாவட்டத்து நர்ஸுகள் இல்லாத நாடு ஏது. நாலைந்து மாதக் குழந்தையோடு லீவுக்கு வந்தாள். அப்பாதான் என்னை ஏற்பாடு செய்திருந்தார். அவள் டிராலியைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் உதவி செய்கிறேன் என்று சீட்டை வாங்கி நானே மாட்டிவிட்டேன். பின்பக்கம் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும் என்பது மட்டும் படத்தைப் பார்த்துத் தெரிந்தது. அவள் வந்து ஒரு கையால் பிடித்து ஆட்டினாள். சீட்டு இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் போய் வந்தது. "அண்ணே, இது தொட்டிலில்லா ஆடுது" என்றாள். அப்பாவுக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. அவள் விடவில்லை. திருவனந்தபுரம் சாக்கையில் இருக்கும் ஏர்போர்ட் பார்க்கிங்கில், பிள்ளையைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு, முழுசையும் கழற்றி, "நீங்க போடுங்க, நான் பாக்கேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவைதான் சரி என்றாள். அவள் செய்து காட்டியிருந்தால் பாறசாலை வருவதற்குள் மறந்திருப்பேன். என் கையால் செய்ததால் நின்றது.

அன்றைக்குப் படித்ததைச் சொல்கிறேன். பேபி சீட்டின் பக்கவாட்டில் பெல்ட் நுழைவதற்கு இடம் விட்டிருப்பார்கள். ஐரோப்பியத் தரத்தில் செய்த சீட்டுகளில் நீலக் குறி, பிள்ளை பின்பக்கம் பார்த்து இருக்கும்போது பெல்ட் போக வேண்டிய வழி. சிவப்புக் குறி, முன்பக்கம் பார்த்து இருக்கும்போது. நான் நீலத்தில் விட வேண்டியதைச் சிவப்பில் விட்டிருந்தேன். பெல்ட்டை அதன் வழியில் விட்டு மாட்டினதும், சீட்டின் மேல் கையை ஊன்றி உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். அழுத்தின கையை எடுக்காமல் பெல்ட்டின் தளர்வை எல்லாம் மேல்நோக்கி இழுத்துவிட வேண்டும். அப்புறம் பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. மேல் நுனியைப் பிடித்து ஆட்டிவிட்டுப் பயப்பட வேண்டாம், பின்பக்கம் பார்க்கிற சீட்டில் அது கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

அடுத்தது பிள்ளையைக் கட்டுவது. தோள் மேல் வரும் பட்டை எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பின்பக்கம் பார்க்கும் பிள்ளைக்கு அதன் தோள் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருந்து, முன்பக்கம் பார்க்கும் பிள்ளைக்குத் தோள் மட்டத்தில் அல்லது சற்று மேலே இருந்து. பட்டையில் முறுக்கு இருக்கக் கூடாது. பக்கிள் 'டக்' என்று விழுந்ததும் காலுக்கிடையில் தொங்கும் வாரை இழுத்து இறுக்க வேண்டும். அப்புறம் பிள்ளையின் தோளருகே பட்டையைச் சட்டைத் துணியைக் கிள்ளுவது போல இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் தளர்வு. விரல் வழுக்கிப் போனால் சரி. நம் ஊரில் பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். "பாவம், இறுக்கும்" என்று தாயோ தகப்பனோ கடைசியில் ஒரு இழுப்புத் தளர்த்திவிடுவார்கள். அந்த ஒரு இழுப்பில் சீட்டுக்குக் கொடுத்த காசு முழுவதும் போச்சு.

துணி விஷயம் ஒன்று உண்டு. பிரசவ வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும்போது, வெள்ளைத் துணியில் பொதிந்து, மேலே டவல் சுற்றி, ஒரு மூட்டையாகக் கொண்டு வருவார்கள். அந்த மூட்டையின் மேல் பட்டை போட்டால் நீங்கள் துணியைத்தான் கட்டுகிறீர்கள். மோதும்போது துணி அமுங்கும், பிள்ளை நழுவும். பிள்ளையை வெறும் சட்டையோடு கட்டிவிட்டு, மேலே துணியைப் போர்த்துங்கள். ஏசிக்கும் ஆயிற்று, கண்ணேறுக்கும் ஆயிற்று. அரைஞாண் முடிச்சு பக்கிளுக்கு அடியில் சிக்காமல் ஒதுக்கிவிட வேண்டும். ஒரு பிள்ளை மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை வரை வீரிட்டு அழுததற்குக் காரணம் கடைசியில் அந்த வெள்ளி முடிச்சுதான். அதுவரை எல்லாரும் என் சீட்டைத்தான் திட்டினார்கள்.

பச்சைப் பிள்ளையின் தாடை நெஞ்சில் போய் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சீட்டு நிமிர்ந்து இருந்தால் தலை முன்னால் தொங்கி மூச்சு அடைபடும். சீட்டிலேயே சாய்வு வைக்க வழி இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். பிறந்து சில வாரமே ஆன பிள்ளையை ஒரே இருப்பில் அரை மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்று அந்த நர்ஸ் சொன்னாள். அதனால் பச்சைப் பிள்ளை இருக்கிற ஓட்டத்தில் நான் நெய்யாற்றின்கரை, களியக்காவிளை என்று நிறுத்தி நிறுத்தித்தான் போவேன். எனக்கும் ஒரு சாயா ஆயிற்று. வீட்டுக்குப் போனதும் தூங்குகிறதே என்று சீட்டோடு தூக்கி உள்ளே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கக் கூடாது. படுக்கையில் மல்லாத்திப் போடுங்கள்.

ஏன் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்குப் பாட்டிகளிடம் நான் சொல்லும் பதில் இது. கைக்குழந்தையின் மொத்த நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலை. நமக்கு ஏழெட்டில் ஒரு பங்குதான். கழுத்தெலும்பு இன்னும் முற்றாத குருத்து. முன்னால் பார்த்துக் கட்டிய பிள்ளை மோதும்போது உடம்பு பெல்ட்டில் நிற்கும், அந்தப் பெரிய தலை மட்டும் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாயும். பின்னால் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் பலகை ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். சுவீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்கிற பேராசிரியர் 1960-களில் இதைச் செய்து பார்த்தார். விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் முதுகு முழுவதும் பதியப் படுத்துக்கொண்டு போவதைப் பார்த்து வந்த யோசனையாம். நமக்கு ராக்கெட் இன்ஜின் சோதிக்கும் மகேந்திரகிரி பக்கத்தில்தானே இருக்கிறது, அதனால் இந்த உதாரணம் இங்கே எடுபடுகிறது. எத்தனை மாதம் வரை என்று கேட்பார்கள். ஐரோப்பாவின் புதிய விதி குறைந்தது 15 மாதம் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், சீட்டில் எழுதியிருக்கும் எடையும் உயரமும் தாண்டுகிற வரை பின்பக்கமே இருக்கட்டும் என்கிறது. காலை மடக்கிக்கொண்டு இருக்கிறதே என்று கவலை வேண்டாம். வீட்டில் அது எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்.

கருங்கல் பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏறவில்லை. "ஒம்பது பெத்தவ நான்" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோக நான் வாங்கி வைத்திருந்த, மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "பிள்ளைய மாதிரி பிடிச்சுக்கிடுங்க, பேசிக்கிட்டே வாங்க" என்றேன். ஆள் இல்லாத பார்க்கிங் ஓரத்தில் இருபது வேகத்தில் போய் ஒரு பிரேக். தேங்காய் உருண்டு என் சீட்டுக்கு அடியில் வந்து நின்றது. பாட்டி ஒன்றும் பேசவில்லை. மருமகளிடம், "ஏட்டி, பிள்ளைய அதுல வையி" என்றார்.

அது இருபது வேகம், ஒன்றரைக் கிலோ தேங்காய். ஐம்பது வேகத்தில் போகிற வண்டி சுவரில் முட்டினால் உள்ளே இருக்கிறவருக்கு அது பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்ததற்குச் சமம். காய்ப்பில் நிற்கும் ஒரு தென்னை உயரம். தென்னையிலிருந்து விழுந்தவர்களை நம் மாவட்டத்தில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். வண்டியின் மூக்கு அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்தால், பத்துக் கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் 200 கிலோ பாரமாக இழுக்கும். நாலு மூட்டை அரிசி. எந்த அம்மா பிடிப்பாள்? பிடித்தாலும், அம்மாவே பெல்ட் போடாமல் இருந்தால் பிள்ளைக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே அம்மாவின் பாரமும் சேர்ந்துவிடும்.

முன் சீட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்பக்கம் பார்க்கும் பேபி சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும், அது நேராகப் பேபி சீட்டின் முதுகில் போய் அறையும், அங்கேதான் பிள்ளையின் தலை இருக்கிறது. இதற்காகத்தான் முன் சீட்டுக்கு மேலே உள்ள வெயில் மறைப்பில் ஒரு படம் ஒட்டியிருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு 'ஓ, பேபி சீட்டு வைக்க வேண்டிய இடம் இதுதான்' என்று அங்கேயே வைத்து மூன்று மாதம் ஓட்டினார். மேலே சிவப்பில் குறுக்குக் கோடு இருந்ததே என்றால், "அது டிசைன்னு நெனச்சேன்" என்கிறார். சிரிக்காதீர்கள், அவர் பள்ளிக்கூட வாத்தியார்.

புது வண்டி எடுக்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். சாவி கொடுக்கும் நாளில் மாலை, கேக், போட்டோ, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பாட்டு எப்படிப் போடுவது, போனை எப்படி இணைப்பது என்று பையன் அரை மணி நேரம் சொல்லிக் கொடுப்பான். பின் சீட்டில் முதுகும் அடியும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு கம்பிக் கொக்கி தட்டுப்படும், ஐசோஃபிக்ஸ் என்பார்கள், அதற்கு ஏற்ற பேபி சீட்டை அதில் நேரே பூட்டிவிடலாம், பெல்ட் தகராறே இல்லை. பல வருடம் வண்டி வைத்திருப்பவர்கள்கூட அந்தக் கொக்கியை நான் தொட்டுக் காட்டும்போதுதான் முதல் தடவை பார்க்கிறார்கள். அப்படிப் பூட்டினாலும் மேலே ஒரு வாரோ தரையில் ஊன்றும் ஒரு காலோ இருக்கும், அதையும் மாட்ட வேண்டும். ஐந்து ஸ்டார் வண்டி என்று பெருமைப்படுகிறோம். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்று வண்டியை மோதவிட்டுச் சோதித்து ஸ்டார் கொடுக்கிறார்கள், பிள்ளைகளுக்கென்று தனியாக 49 மதிப்பெண். அந்தச் சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயதுப் பொம்மைகளைப் பேபி சீட்டில் முறைப்படி கட்டிவைத்துத்தான் மோதவிடுகிறார்கள். மடியில் வைத்துப் போகிற பிள்ளைக்கு அந்த ஸ்டாரில் பங்கு கிடையாது.

சீட்டு விற்கிற கடைகளும் அப்படித்தான். நம் மாவட்டத்திலேயே ஒரு கடையில், ஐந்து மாதப் பிள்ளையோடு வந்த தம்பதியிடம், "முன்னால பாத்து வைங்க, பிள்ளை உங்க முகத்தப் பாத்துக்கிட்டே வரும்" என்று விற்பனைப் பையன் சொன்னதை நானே கேட்டேன். பையன் மேல் குற்றம் இல்லை. அவனுக்கும் யாரும் காட்டித் தரவில்லை. வெளிநாட்டிலிருந்து அண்ணன் பிள்ளைக்கு வந்தது, அடுத்து மச்சினி பிள்ளைக்கு, அடுத்து அண்டை வீட்டுக்கு என்று ஒரே சீட்டு சுற்றுவதும் உண்டு. சுற்றட்டும், ஆனால் அடியில் அச்சடித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் எத்தனை வருடம் பயன்படுத்தலாம் என்பதையும் பாருங்கள். பெரிய மோதலில் ஒருமுறை மாட்டிய சீட்டை வெளியே கீறல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத பிள்ளையைப் பெல்ட்டோ பேபி சீட்டோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் ஓட்டுகிறவருக்கு 1000 ரூபாய் அபராதம் என்கிறது. யாராவது கட்டியிருக்கிறீர்களா? எங்கள் ஸ்டாண்டில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருமில்லை. 2024 அக்டோபரில் கேரளத்தில், டிசம்பர் முதல் பேபி சீட்டு இல்லாவிட்டால் அபராதம் என்று போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கும் அது பெரிய பேச்சு, தினமும் அந்தப் பக்கம் போகிறவர்கள் அல்லவா. எல்லாரும் சீட்டு விலை விசாரித்தார்கள். அப்புறம் அங்கே அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்த கணேஷ்குமார் இப்போதைக்கு அமல்படுத்தப் போவதில்லை என்று சொன்னதும் விசாரிப்பும் நின்றது.

அபராதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன். விமானம் தாமதமானால் எங்களுக்குப் படிக்க நேரம் உண்டு, அப்படிப் படித்தது இது. அமெரிக்காவில் முதன்முதலில் பேபி சீட்டுச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் டென்னசி, 1978 ஜனவரி முதல் அமல். அதற்காக ஓயாமல் அலைந்தவர் ராபர்ட் சாண்டர்ஸ் என்கிற குழந்தை மருத்துவர். ஆனால் சட்டசபையில் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டார்கள். பெரியவர் கையில் வைத்திருந்தால் சீட்டு வேண்டாம் என்று. கருங்கல் பாட்டியின் கட்சி அங்கேயும் பலமாக இருந்திருக்கிறது! அதை எதிர்த்தவர்கள் 'பிள்ளையை நசுக்கும் திருத்தம்' என்றே பெயர் வைத்தார்களாம். 1981-ல்தான் எடுத்தார்கள். 1985-க்குள் எல்லா மாநிலத்திலும் சட்டம் வந்துவிட்டது. அத்தனை வருடத்துக்கு அப்புறமும் அவர்கள் அரசு சாலைப் பாதுகாப்புத் துறை எடுத்த ஒரு கணக்கில் 46 சதவீதச் சீட்டுகள் ஏதாவது ஒரு விதத்தில் தப்பாகவே மாட்டப்பட்டிருந்தன. அதனால் பேபி சீட்டு மாட்டச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். பல ஊர்களில் ஆஸ்பத்திரியிலும் தீயணைப்பு நிலையத்திலும் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் மாட்டித் தருவதைவிட, பெற்றவர்களை மாட்ட வைத்துப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் முறையாம். குலசேகரத்து நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

நம் மாவட்டத்தில் இதற்குப் புதுக் கட்டடம் ஒன்றும் வேண்டியதில்லை. பிள்ளை பெற்று வீட்டுக்குப் போகிற நாளில் பால் கொடுப்பதைப் பற்றி, தொப்புள்கொடியைப் பற்றி, அடுத்த ஊசியைப் பற்றி எல்லாம் சொல்லி அனுப்புகிறார்கள். அதோடு ஐந்து நிமிடம் இது. புதன்கிழமை தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாய்மார் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பழைய பேபி சீட்டையும் ஒரு பொம்மையையும் நாற்காலியில் வைத்தால் போதும், ஆளுக்கு ஒரு தடவை பட்டை போட்டுப் பார்க்கட்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் இரண்டு ஆர்டிஓ ஆபீஸிலும் லைசென்ஸுக்கு வருகிறவர்களுக்கு எட்டு போடத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். கிள்ளிப் பார்க்கும் சோதனை எட்டு போடுவதைவிட எளிது.

கார் உள்ளவனுக்குத்தானே இந்தப் பேச்சு, பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் பிள்ளையை வைத்துப் போகிறவனுக்கு என்ன என்று ஸ்டாண்டில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதிப்படி நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பைக்கில் கொண்டுபோனால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டை வேண்டும், ஒன்பது மாதம் நிறைந்த பிள்ளைக்கு ஹெல்மெட் வேண்டும், நாற்பது வேகம் தாண்டக் கூடாது. அந்தப் பட்டைக்குப் பேபி சீட்டு விலையில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். அதைப் பற்றி விவரம் தெரிந்த யாராவது தனியாக எழுதினால் நல்லது. நான் கார்க்காரன்.

பேபி சீட்டு ஐயாயிரம், ஆறாயிரத்திலிருந்து கிடைக்கிறது. காது குத்துக்குப் போடும் பந்தலுக்கு அதைவிடக் கூட ஆகும். நான் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டிருக்கிறேன், ஓட்டத்துக்குப் பிள்ளையோடு வருகிறவர்களிடம் அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. ஆரம்பத்தில் பத்துப் பேருக்குச் சொன்னால் எட்டுப் பேர் வேண்டாம் என்பார்கள். இப்போது பாதிப் பேர் சரி என்கிறார்கள். பிள்ளை அழும், முதல் பத்து நிமிடம் நிச்சயம் அழும். முந்தின நாளே நின்றுகொண்டிருக்கும் வண்டியில் சீட்டில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டிப் பழக்கினால் அழுகை குறைகிறது. வெயிலில் நின்ற வண்டியானால் பக்கிள் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள், சித்திரை மாதத்தில் அது தோசைக்கல்.

உங்களிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமை மலரில் கால் பக்கம் ஒதுக்கி, சரியாகக் கட்டிய பிள்ளையின் படம் ஒன்றும் தப்பாகக் கட்டியது ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எழுத்தைவிடப் படம் வேலை செய்யும். தப்புப் படத்துக்குப் பிள்ளை வேண்டாம், ஐந்து கிலோ அரிசிப் பை போதும். எங்கள் வீட்டில் நான் அதை வைத்துத்தான் பழகினேன். சட்டை போட்டுவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கப் பிள்ளை போலவே இருக்கும். போட்டோ எடுக்க ஆள் அனுப்பினால் வண்டியும் சீட்டும் அரிசிப் பையும் நான் கொண்டுவருகிறேன்.

கருங்கல் குடும்பத்தை இறக்கிவிட்டபோது மணி ஆறு. பிள்ளை பட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தம்பி வாடகையைக் கொடுத்துவிட்டு, சீட்டைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அதையே தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். "அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க. கழத்திட்டேன், இப்ப நானே மாட்டிப் பாக்கேன்" என்றார். இரண்டாவது தடவையில் சரியாகப் போட்டார், என்னைவிட ஒரு தடவை குறைவு. பாட்டி காப்பி கொண்டுவந்து தந்தார். தேங்காயை மட்டும் திருப்பித் தரவில்லை.

இப்படிக்கு,
வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர்,
மார்த்தாண்டம்.